டிரேசி சாப்மனின் முதல் இசைத்தொகுப்பை நிலைநிறுத்தியது பாட்டே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் டிரேசி சாப்மன், நாட்டார் இசை மரபில் தானே எழுதித் தானே பாடி 1988 ஏப்ரலில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு இன்றளவும் நிலைத்திருக்கக் காரணம், தற்செயலாக வாய்த்த மேடையா, பாட்டின் உண்மையா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. பாட்டின் உண்மையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் தம் வாதம் முழுவதையும் 1988 ஜூன் 11 என்ற ஒரே நாளின் மேல் கட்டினார். நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபோது அவருடைய எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு லண்டன் வெம்பிளி அரங்கில் மாபெரும் இசை நிகழ்ச்சி நடந்தது. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் மின்னணு இசைக்கருவிக்கு வேண்டிய ஹார்டு டிஸ்க் காணாமற்போனதால் அவர் குறித்த நேரத்தில் மேடையேறவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, அன்று முன்னதாகவே பாடி முடித்திருந்த சாப்மன் மீண்டும் ஒற்றைக் கிதாருடன் அழைக்கப்பட்டார். 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' என்றார் தலைவர். நடந்தவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. அதன்பின் விற்பனை பெருகியதும் உண்மை, ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் அத்தொகுப்பு முதலிடம் பிடித்ததும் உண்மை. ஆனால் பழுக்காத பழம் எந்தக் காக்கை உட்கார்ந்தும் விழாது. பெரும் புகழ் பெற்ற கலைஞர்கள் வரிசையாகப் பாடிய நாளில், அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்த அதே மேடையில், பலர் பெயர்கூட அறியாத 24 வயதுப் பெண்ணின் பாட்டு மட்டும் ஏன் கேட்டவர்களைக் கடைக்கு அனுப்பியது என்பதற்கு எதிரணி விடை சொல்லவில்லை.

விடை பாட்டுக்குள் இருக்கிறது. அன்று அவர் பாடிய 'ஃபாஸ்ட் கார்' பாடலையே எடுத்துக்கொள்வோம். தாய் பிரிந்துபோனபின் குடிகாரத் தந்தையைக் கவனிப்பதற்காகப் படிப்பை விட்ட ஒரு பெண், காதலனின் வேகமான காரில் ஏறி வேறொரு வாழ்க்கைக்குத் தப்பிவிட நினைக்கிறாள். கடையில் பில் போடும் வேலை கிடைக்கிறது, குழந்தைகளும் பிறக்கிறார்கள். ஆனால் காதலனோ அவளுடைய தந்தையைப் போலவே குடியில் விழுகிறான். முதலில் 'நாம் முடிவெடுக்க வேண்டும்' என்று பாடியவள், இறுதியில் அதே வரியை 'நீ முடிவெடுக்க வேண்டும்' என்று பாடுகிறாள். மாறியது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்குள் ஒரு குடும்பம் உடைந்துவிடுகிறது. இதை நான் பல முறை கேட்ட பிறகே கவனித்தேன். கவனித்த நாளில் அடுத்த பாட்டுக்குப் போக மனம் வரவில்லை. கிதாரையும் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் அந்தச் சின்னஞ்சிறு சுரக்கோவை, கதை எவ்வளவு தூரம் நகர்ந்தாலும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. தப்பிக்கும் ஆசை பொங்கும் பல்லவியில்தான் டிரம்ஸ் ஓங்கி ஒலிக்கிறது. பிறகு மறுபடியும் அதே சுழற்சி. வறுமை தலைமுறை தாண்டித் தொடர்வதை அவர் விளக்கவில்லை, நம் காதுக்குள் சுற்றவிடுகிறார்.

மின்னணு இசையில் சலிப்புற்றிருந்த மக்கள் எளிமையை நாடிய காலம் அது, அதனால் வென்றது என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னார். காலம் உதவியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலம் கொடுத்ததைக் காலமே எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? 35 ஆண்டுகள் கழித்து, 2023-இல், லூக் கோம்ப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகர், அமெரிக்கக் கிராமிய மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையைப் பாடுபவர், இதே பாடலைப் பாடினார். பாடுபவர் ஆண் என்பதற்காக, பில் போடும் பெண் என்ற வரியைக்கூட அவர் மாற்றவில்லை. அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடலுக்கான விருது, அதை எழுதியவர் என்ற முறையில் சாப்மனுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே. இப்போது வெம்பிளியும் இல்லை, காணாமற்போன ஹார்டு டிஸ்க்கும் இல்லை. பாட்டு மட்டுமே இருந்தது.

ஒரு பாட்டை வைத்துத் தொகுப்பையே எடை போடுகிறீர்கள் என்று எதிரணி சொல்லக்கூடும். மொத்தம் 11 பாடல்கள். இனக்கலவரம் பிளந்த ஊரை 'அக்ராஸ் த லைன்ஸ்' பாடுகிறது. உதவித்தொகைக்காக வரிசையில் நிற்பவர்களிடையே புரட்சி கிசுகிசுப்பாகப் பரவுவதைத் தொகுப்பின் முதல் பாடலே பாடுகிறது. இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது 'பிஹைண்ட் த வால்'. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பாட்டில் கிதார்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபட்டு அலறுவதைச் சுவருக்கு இப்பால் படுத்திருப்பவர் கேட்கிறார். காவல்துறையைக் கூப்பிட்டும் பயனில்லை, வந்தால் தாமதமாக வருகிறார்கள், வந்தாலும் வீட்டு விவகாரம் என்று ஒதுங்குகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னே வரும் மௌனத்தில், அடுத்த அலறலை நாமும் எதிர்பார்த்துக் கிடக்கிறோம். முதல் தொகுப்பு வெளியிடும் எவரும் வானொலியில் ஒலிக்க வேண்டும் என்றே ஆசைப்படுவார்கள். பக்கவாத்தியமே இல்லாத இப்படியொரு பாட்டை அதில் வைப்பதற்குத் தன் சொல்லின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வேண்டும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எழுதுவதற்கு முன் அந்த ஒரு பாட்டை மட்டும் இரவில், வேறு ஓசை எதுவும் இல்லாத நேரத்தில், ஒரு முறை கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.