தலையில் அடிபட்டவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர், ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் இடது காதுக்குக் கீழே கழுத்தில் பட்டது. 80 ரன்னில் இருந்தவர் அப்படியே சாய்ந்தார். உள்ளே அழைத்துப் போய்ச் சோதித்தார்கள், சோதனையில் தேறினார். திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. பிறகு அந்த ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை. மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக ஆடினார். அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் இல்லை.

இதுதான் கன்கஷன், மூளை அதிர்ச்சி. அடி தலையிலேயே பட வேண்டும் என்பதில்லை. உடம்பு வேகமாகக் குலுங்கினாலும் மூளை உள்ளே குலுங்கும். அந்தக் குலுக்கலில் நரம்பணுக்களின் உப்புச் சமநிலை கெடுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு நிறைய சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமும் குறைகிறது. ஸ்கேனில் இது தெரியாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான். "மயக்கம் போடவில்லையே டாக்டர்" என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மயக்கம் வருவதே இல்லை.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதும் அந்த அடிபட்ட மூளைதானே! அதனால் கூட இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், இவற்றுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

இவை எதுவும் இல்லை, மருத்துவரும் பார்த்துவிட்டார் என்றால் தாராளமாகத் தூங்கவிடுங்கள். தூக்கம் நல்லது. முதல் இரண்டு நாள் ஓய்வு; செல்போன், டிவியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது, மது கூடவே கூடாது. வலிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை மட்டும். ஒரு காலத்தில் வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கச் சொன்னோம். இப்போது அப்படி இல்லை. இரண்டு நாளுக்குப் பிறகு மெதுவாக நடக்கலாம். தலைவலி கொஞ்சம் கூடினால் நிறுத்திவிட்டு, மறுநாள் பார்க்கலாம்.

விளையாட்டுக்குத்தான் அவசரப்படக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னோர் அடி பட்டால், அரிதாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சரி சொல்லும்வரை மைதானம் வேண்டாம்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரைகூட ஆகலாம். வெளியே காயம் எதுவும் தெரியாததால், படிக்கச் சோம்பல்படுகிறான் என்றுதான் வகுப்பில் நினைப்பார்கள். ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அரை நாள் வகுப்பு, நடுவில் ஓய்வு, தேர்வுக்குக் கொஞ்சம் அவகாசம் என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.