கம்பி ஏன் சுட்டது?

வணக்கம் நேயர்களே. சிவில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளோடு பல ஆண்டுகளை ஆய்வுக்கூடத்தில் கழித்தவன் நான். இன்று ஒரு கம்பியிலிருந்து தொடங்குகிறேன்.

இழுவிசையைச் சோதிக்க யு.டி.எம். என்றொரு இயந்திரம் உண்டு. அதில் சாதாரண இரும்புக் கம்பியைப் பூட்டி மெல்ல இழுப்போம். விசையைக் காட்டும் முள் சீராக ஏறும். திடீரென்று ஓரிடத்தில் தயங்கி நிற்கும். கம்பியோ நீண்டுகொண்டே இருக்கும். பிறகு முள் மறுபடி ஏறும், கம்பியின் இடுப்பு சிறுக்கும், படாரென்று அறும். ஒரு முனை கிண்ணம்போல் குழிந்திருக்கும், மறுமுனை கூம்பாக இருக்கும். "தொட்டுப் பாருங்கப்பா" என்பேன். தொட்டவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். "சுடுது சார்!"

நெருப்பே இல்லாமல் எப்படிச் சுட்டது? நாம் இழுத்த உழைப்பெல்லாம் அந்த இடுப்பில் சூடாகி நிற்கிறது. நிலநடுக்கம் வந்தால், நன்றாகக் கட்டிய கட்டடத்துக்குள் இருக்கும் கம்பியும் இப்படித்தான் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விரலில் சுட்ட பிறகு அந்தப் பாடத்தை யாரும் மறந்து நான் பார்த்ததில்லை.

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்க்கும் கனசதுரக் கட்டியான கியூபும் அப்படித்தான், கண்ணால் பார்த்தால்தான் புரியும். 150 மில்லிமீட்டர் அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 35 குத்துக் குத்தி, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து நசுக்குவோம். சரியாக உடைந்தால் நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை வடிவம் மிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் சிதறினால் கியூபைக் கோணலாக வைத்திருக்கிறோம், அல்லது அதன் முகம் சமமாக இல்லை. அப்போது இயந்திரம் காட்டும் எண்ணை நம்பக் கூடாது.

ஒருமுறை ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தேன். எல்லா ரெக்கார்டு நோட்டிலும் ஒரே ரீடிங், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் உட்பட. "கியூப் எந்தப் பக்கம் உடைந்தது, தம்பி?" என்று கேட்டேன். தலை குனிந்துகொண்டான். இயந்திரத்தின் மேல் தூசி படிந்திருந்தது. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சென்னைக்கு அருகே பூண்டி ஏரிக்கரையில் 1944-இல் தொடங்கிய நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணையையும் ஆற்றையும் சிறிதாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் இடம். இந்த மாதிரிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. நூறில் ஒரு பங்காகக் கட்டினால் தண்ணீரின் வேகம் பத்தில் ஒன்றாகும். ஒரு நாள் வெள்ளம் 2 மணி 24 நிமிடத்தில் ஓடி முடியும். நொடிக்கு 1,000 கன மீட்டர் பாயும் ஆற்றுக்கு, மாதிரியில் நொடிக்கு 10 லிட்டர் போதும்.

ஆனால் எல்லாமே ஒரே அளவில் சுருங்குவதில்லை. பாலத்தைப் பத்தில் ஒன்றாகச் செய்தால் குறுக்குப் பரப்பு நூறில் ஒன்றாகும், எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். தன் எடை தனக்கே தெரியாமல் நிற்கும் பாலம் அது. அதனால்தான் கூடுதல் எடையைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறோம்.

ஐஸ் குச்சியில் பாலம் செய்த ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். எடை ஏற ஏற, குச்சி ஒன்றுகூட முறியவில்லை. பசை போட்ட மூட்டு விட்டுப்போனது. துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வந்தபோது மூட்டு ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் பட்டை ஒட்டியிருந்தாள். "சார், இன்னொரு தடவை ஏத்திப் பாக்கலாமா?" என்றாள்.