ரகசியம் வைக்காத மருந்துக்கடைக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்க மருந்துக்கடைக்காரர் என்றால் பலருக்கும் நினைவு வருபவர் அட்லாண்டாவின் ஜான் பெம்பர்டன். 1886இல் கோகோ கோலாவைக் கலக்கியவர். அதன் செய்முறை இன்றும் பூட்டிவைத்த ரகசியம். நான் பேச வந்தது அவருக்கு நேர் எதிரான ஓர் ஆளைப் பற்றி. பெயர் வில்லியம் புராக்டர்.

1817இல் பால்டிமோரில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பா தவறிவிட்டார். 14 வயதில் பிலடெல்பியாவில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். 1837இல் அந்த ஊர் மருந்தியல் கல்லூரியில் பட்டம். 1844இல் ஒன்பதாம் தெருவும் லம்பார்டு தெருவும் சந்திக்கும் முனையில் சொந்தக் கடை.

அன்றைய மருந்துச் சந்தை லேசுப்பட்டதல்ல. கப்பலில் வந்திறங்கும் சரக்கில் அவ்வளவு கலப்படம்; அதைத் தடுக்கவே 1848இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாத சர்வரோக நிவாரணிகள் வேறு.

புராக்டர் மண்டையை உடைத்துக்கொண்டது சாறு இறக்கும் வேலையில். பட்டையையோ வேரையோ பொடித்து, சாராயத்தில் லேசாக நனைத்து, அடி குறுகிய கண்ணாடிப் பாத்திரத்தில் அமுக்கி வைப்பார்கள். மேலே சாராயத்தை ஊற்றினால், மருந்துச் சத்தை இழுத்துக்கொண்டு கீழே சொட்டும். நம் காபி பில்டரேதான். சொல்ல எளிது. பொடி கொரகொரப்பாக இருந்தால் சாராயம் சத்தை எடுக்காமலே ஓடிவிடும்; மாவாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். இறுக்கம் சீராக இல்லாவிட்டால் ஒரு பக்கமாகவே வழியும். அப்புறம் இரண்டு புட்டிக்கு இரண்டு வீரியம்! எந்தச் சரக்குக்கு எவ்வளவு பொடி, எவ்வளவு திரவம் என்று செய்து பார்த்தார். பார்த்ததையெல்லாம் அச்சிலும் போட்டார். எதிர்க்கடைக்காரரும் படிக்கட்டுமே!

1846 முதல் கல்லூரியில் பேராசிரியர். 1850 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க மருந்தியல் இதழின் ஆசிரியர். 1852இல் அமெரிக்க மருந்தாளர் சங்கம் பிலடெல்பியாவில் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர். இத்தனைக்கும் கடையை மூடவில்லை. எப்போது தூங்கினாரோ! பெம்பர்டன் பெயரை உலகமே அறியும். இவர் பெயர் மருந்தியல் மாணவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

1866இல் கற்பிப்பதிலிருந்து விலகினார். அவர் இடத்துக்கு வந்த எட்வர்டு பாரிஷ் 1872இல் இறந்துவிட, கல்லூரி மறுபடி இவரையே கூப்பிட்டது. மறுக்காமல் போனார். 1874 பிப்ரவரியில் ஒரு மாலை வகுப்பு முடித்துவந்தவர், சில மணி நேரத்திலேயே காலமானார். வயது 56.