தொழிலுக்குச் சிலை: வன்னிக்குத் தேவையே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

ஊரின் தொழில்களைப் போற்றும் சிலைகள் தேவையா, வீண் செலவா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய நண்பர், அந்தப் பணத்தில் வாய்க்கால் ஒன்றைத் திருத்தலாம் என்றார். வாய்க்கால் கட்டாயம் திருத்தப்பட வேண்டும்; அதற்காகச் சிலையைத் தள்ளிவைக்க நான் உடன்படமாட்டேன்.

கிளிநொச்சி நகர் நடுவே ஏற்கெனவே ஒரு சின்னம் நிற்கிறது: குண்டு துளைத்துப் பிளந்த கொங்கிறீற்றுக் கட்டி, உச்சியில் ஒரு தாமரை. ஏ-9 வீதியால் போகிறவர் அதைப் பார்த்து இங்கே போர் நடந்தது என்று அறிகிறார். 1902 இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டத் தொடங்கியதையும், 1936 இல் குடியேறியவர்கள் காடு வெட்டி வயலாக்கியதையும் அவர் எதைப் பார்த்து அறிவார்?

ஆனையிறவு உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். பாத்தியில் தேக்கிய நீரை வெயில் குடித்த பிறகு மிஞ்சும் உப்பைப் பலகையால் வாரி வரம்பில் குவிப்பவரின் கால்களை அருகில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். குதிக்கால் வெடிப்புக்குள் உப்புநீர் இறங்கி, அதன் ஓரங்கள் வெளுத்துத் தடித்திருக்கும். அந்த எரிவோடுதான் அவர் அடுத்த பாத்திக்குள் காலை வைப்பார். அந்தக் குதிக்காலைச் செதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அறுத்த நெற்கதிரை மாடுகளால் மிதிப்பித்து நெல்லைப் பிரிக்கும் சூடு மிதிப்பும் அப்படியே. மாடுகளைப் பிணைத்துக் களத்தில் வளைத்த இரவுகளையும் ‘பொலி, பொலி’ என்ற குரலையும் நேரில் அறிந்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். புகைப்படம் போதாதா என்று எதிரணியினர் கேட்கலாம். 2009 இல் எத்தனை வீட்டு அல்பங்கள் முள்ளிவாய்க்கால் மணலில் விடப்பட்டன என்பதை இந்த மண்ணில் நின்று நான் சொல்லத் தேவையில்லை. சந்தியில் கருங்கல்லில் நிற்பதை எந்தத் தாயும் பிள்ளையோடு சேர்த்துச் சுமந்து ஓட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். சிற்பி தமது மாதிரியை முதலில் தொழில் செய்பவரிடம் காட்ட வேண்டும். கரைவலைக் கயிற்றை இழுப்பவர் பின்சாய்ந்து குதிக்காலை மணலில் புதைத்து இழுப்பார். அந்தச் சாய்வு பிழைத்தால் முல்லைத்தீவுக் கரையில் ஒரு சிறுபிள்ளையே அதைச் சொல்லிவிடும்.

பரந்தன் சந்தியில் முதற்சிலையாக உப்பு வாருபவர் நிற்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி.