பெட்டியோடு கரையிறங்கியவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஆஸ்திரேலியாவில் ஐரிஷ் சமூகம் வேர்விடக் காரணம் கலகக்காரர்களா, பெண்களா?’ இதுதான் தலைப்பு. பெண்களே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐரிஷ் வழிவந்த மூன்று பேரை முன்னால் நிறுத்தினார். 1854-ல் விக்டோரியாவின் பல்லாரட் ஊர் யுரேகாவில் அரசுக்கு எதிராகத் தங்கச் சுரங்கத் தொழிலாளரைத் திரட்டிய பீட்டர் லேலர், போலீஸோடு மோதி 1880-ல் தூக்கிலேறிய கொள்ளையர் நெட் கெல்லி, முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த கத்தோலிக்கப் பேராயர் மேனிக்ஸ். மூவரின் துணிச்சலுக்கும் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் கலகம் சில நாளில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் அடுப்பு மூட்டியது யார்?

1848-ஐப் பாருங்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். சுமார் பத்து லட்சம் பேரை அது கொண்டுபோனது. ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிகளில் அநாதைப் பெண்கள் நிரம்பி வழிந்தார்கள். 1848 முதல் 1850 வரை, அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் அனுப்பினார்கள். பெரும்பாலும் பதினான்கிலிருந்து இருபது வயதுக்குள் இருந்த பிள்ளைகள்.

ஆளுக்கொரு மரப்பெட்டி கொடுத்தார்கள். உள்ளே உள்சட்டை ஆறு, ஃபிளானல் உள்பாவாடை இரண்டு, காலுறை ஆறு ஜோடி, காலணி இரண்டு ஜோடி, கவுன் இரண்டு. அதில் ஒன்று குளிர் தாங்கும் கனத்த துணி. தாய்வீட்டுச் சீர் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு அதுதான் சீர். பலருக்கு ஆயுளில் முதல்முறையாகச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த பொருளும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வந்த இடத்தில் பூமாலையா போட்டார்கள்? அழுக்குப் பிள்ளைகள், வீட்டுவேலை தெரியாதவர்கள் என்று பத்திரிகைகள் வசைபாடின. எதிர்ப்பு வலுத்து, இரண்டே ஆண்டில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வந்தவர்கள் நிலைத்தார்கள். 1850-ல் ‘தாமஸ் அர்பத்நாட்’ கப்பலில் வந்தவர்களில் ஒரு பெரிய குழுவைக் கப்பல் மருத்துவர் சார்லஸ் ஸ்ட்ரட் வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களான யாஸ், கண்டகாய் வரை கூடவே போய், நல்ல வீடாகப் பார்த்து வேலைக்குச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

இந்தப் பெண்களில் பலர் ஐரிஷ்காரர் அல்லாதவர்களையும் மணந்தார்கள். குடும்பப்பெயர் மாறிப்போனது. அப்படிப்பட்ட வீட்டில் ஐரிஷ் ஜெபமும் கதையும் யார் வாயிலிருந்து வந்திருக்கும், நடுவர் அவர்களே?

சரி, எதிரணி சொன்ன வீரர்களிடமே வருகிறேன். யுரேகாவில் குண்டடிபட்ட லேலரின் இடது கையை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அப்போது உதவிக்கு நின்றவர் என்று சொல்லப்படுபவர் அனஸ்தாசியா ஹேய்ஸ். கில்கெனியில் பிறந்தவர், பல்லாரட் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியை. அங்கே கலகக்காரர்கள் ஏற்றிய யுரேகாக் கொடியைத் தைத்தவர்களில் ஒருவர் என்றும் அவரைச் சொல்வார்கள். நெட் கெல்லியின் தந்தை 1866-ல் இறந்துபோக, அத்தனை பிள்ளைகளின் பாரத்தையும் சுமந்தவர் தாய் எல்லன். மகனைத் தூக்கிலிட்ட அன்று, மெல்போர்னின் அதே சிறையில் அவரும் கைதி. கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று கேட்டு நடந்த, மேனிக்ஸ் முழங்கிய 1916, 1917 வாக்கெடுப்புகளில் பெண்களும்தான் வாக்களித்தார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடங்கள். விக்டோரியாவில் 1872-லும் நியூ சவுத் வேல்ஸில் 1880-லும் சட்டம் போட்டு, சமயப் பள்ளிகளுக்கான அரசு உதவியை நிறுத்தினார்கள். ஐரிஷ் கத்தோலிக்கர்கள் அசரவில்லை. கூலிவேலை செய்த குடும்பங்கள் காசு காசாகச் சேர்த்துக் கொடுத்தன. ஆனால் காசு மட்டும் பாடம் நடத்துமா? அயர்லாந்திலிருந்து வந்த கன்னியாஸ்திரிகளும், அவர்களோடு சேர்ந்த உள்ளூர்ப் பெண்களும் மிகச் சொற்ப வருமானத்தில் அந்த வகுப்பறைகளைத் தாங்கினார்கள். மறுபடி அரசு உதவி வர 1960-கள் ஆயிற்று. ஏறக்குறைய மூன்று தலைமுறை! எந்தக் கலகம் அத்தனை காலம் நீடித்தது?

சிட்னியில் ஹைட் பார்க் பாரக்ஸ் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. கப்பலில் இறங்கிய அந்தப் பிள்ளைகள் முதலில் தங்கிய இடம் அது. அதன் மதிற்சுவரில் 1999-ல் பஞ்ச நினைவுச்சின்னம் திறந்தார்கள். துப்பாக்கி ஏந்திய சிலை ஏதும் அங்கில்லை. சுவரின் இருபுறமும் நீளும் ஒரு மேசை, ஒரு வெறும் கிண்ணம், கண்ணாடியில் பொறித்த பெண்களின் பெயர்கள். சில பெயர்களை மங்கித் தெரியும்படியே பொறித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்தப் பெண்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் அங்கே கூடுகிறார்கள்.

என் அணியின் சாட்சிகளாக அந்தக் கண்ணாடியில் உள்ள பெயர்களையே அழைக்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.