எத்தனை மாதம் பிடிக்கும்?

வணக்கம் நேயர்களே. சீன மொழிப் பரீட்சைக்கு ஆயத்தப்பட எத்தனை மாதம் பிடிக்கும் என்று கல்லடிப் பாலத்தில் மறித்துக்கூட கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் உட்காருவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு மாதத்தைப் பார்ப்போம்.

எச்எஸ்கே என்ற இந்தச் சீன மொழிப் பரீட்சையின் ஆறு படி முறையில் முதலாம் படிக்கு 150 சொல். பிறகு 300, 600, 1200 என்று இரட்டித்துக்கொண்டே போகும். நாளுக்கு ஐந்து சொல் என்றால் முதலாம் படி ஒரு மாத வேலை. கடதாசியில் அப்படித்தான். தினம் ஒரு மணித்தியாலம் படித்த எனக்கு மூன்று மாதம் எடுத்தது. மற்ற இரண்டு மாதத்தையும் தின்றது காது.

அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சீனத்தில் ‘மா’ என்பதைச் சமமாக இழுத்தால் அம்மா. காது கேட்காதவர் ‘ஆ?’ என்று கேட்பதுபோல ஏற்றினால் சணல். தாழ்த்தி ஏற்றினால் குதிரை. வெடுக்கென்று இறக்கினால் ஏசுவது. விறாந்தையில் இருந்து விடியற்காலையில் மா, மா, மா என்று பழகிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “என்ன மனே, பிட்டுக்கு மா இல்லையா? அரிசி மாவா, கோதுமை மாவா?”

விளக்கிச் சொன்னேன். “சரி, சொல்லு பாப்பம்” என்று வேலியிலேயே நின்றுவிட்டார். நாலாவதைச் சொன்னதும், “இது ஆரையோ ஏசுற மாதிரிக் கிடக்கு” என்றார். ஒரு சீனச் சொல் தெரியாத மனுசி! அன்றிலிருந்து மாமிதான் என் பரீட்சகர். அதனால்தான் சொல்கிறேன், முதல் மாதம் காதுக்கு.

நமக்குச் சில வசதிகளும் உண்டு. ‘வந்தாயா’ என்று கடைசியில் ஆ போட்டுக் கேட்கிறோமே, சீனர் கடைசியில் ஒரு ‘மா’ போடுவார்கள். அவர்களுடைய ‘மனிதன்’ என்ற சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்குக் கிட்ட வரும். வாழைப்பழத்தை வாளைப்பளம் என்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

அமெரிக்க இராஜதந்திரிகளுக்கு 2200 வகுப்பு மணித்தியாலம் என்பார்கள். பயப்பட வேண்டாம், அது உத்தியோக வேலைக்கு. மூன்றாம் படிக்குத் தினம் ஒரு மணித்தியாலப்படி ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள், என் கணக்கு அது. 2021 இல் வந்த ஒன்பது படித் தரநிலையில் முதல் படிக்கே 500 சொல். எந்தப் பட்டியல் என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எழுத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருந்தேன். ஆறு படி முறையின் மூன்றாம் படியில் எழுத்துக்கு மேலிருக்கும் உச்சரிப்புத் துணை போய்விடும், எழுதவும் வேண்டும். முதல் நாளே ஒரு சதுர றூள் கொப்பி வாங்கிவிடுங்கள். பெரிய கட்டம் உள்ளதாக. வணக்கம்.