வினைச்சொல் வர்றதுக்குள்ள வாயைத் திறக்குறீங்களா? 10 நிமிஷத்துல பிடிச்சிடலாம்

[திரையில்: கிருஷ்ணகிரி மாங்கா மண்டி, ஓரத்துல டீக்கடை பெஞ்ச்]

"நேத்து தருமபுரி கலெக்டர் ஆபீஸுக்குப் போ..." இதுக்குள்ளயே "பட்டா கிடைச்சுதா?"ன்னு கேட்டுட்டீங்களா? அவர் சொல்ல வந்தது, "போகலாம்னு கிளம்பினேன், மழை பிடிச்சுக்கிச்சு."

வணக்கம் மக்களே! அடுத்தவர் முடிக்கிறதுக்குள்ள குறுக்கே பேசுறோமே, அதோட பின்னணியைச் சட்டுனு முடிச்சிடுறேன். ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்விகளை 10 மொழிகள்ல அளந்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல இடைவெளி சராசரியா 0.2 செகண்ட்தான். ஆனா ஒரு படத்தைப் பார்த்து அதோட பேரைச் சொல்லவே 0.6 செகண்ட் கிட்ட ஆகும். அப்போ எதிராளி பேசிட்டிருக்கும்போதே நாம பதிலைத் தயார் பண்ண ஆரம்பிச்சுடுறோம்.

இங்கதான் தமிழ் நம்மளை வசமா மாட்டி விடுது. போனேனா, போகலையா, போகணுமா, எல்லாம் வாக்கியத்தோட வால்ல இருக்கு. "அந்தப் பையனுக்குப் பொண்ணு குடுக்க..." இதுக்கு மேல சம்மதமும் வரலாம், சண்டையும் வரலாம். நடுவுல பாய்ஞ்சா நீங்க பதில் சொல்றது நீங்களே எழுதுன வாக்கியத்துக்கு. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க சிரிக்க வேணாம், உங்களுக்கும் வினை கடைசியிலதான்!

சரி, கையும் களவுமா பிடிப்போம். வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி, சம்மதம் வாங்கி, போன் ரெக்கார்டரை நடுவுல வச்சு 10 நிமிஷம் பேசுங்க. முதல் 3 நிமிஷத்தைத் தள்ளிடுங்க, அதுல எல்லாரும் நடிப்போம். போன்கால் பதிவு வேணாம். சிக்னல் தாமதத்துல குறுக்கே பேசாதவரும் பேசுன மாதிரி கேட்கும். உங்க குரல் உங்களுக்கே கீச்சுனு இருக்கும். பேசும்போது மண்டை எலும்பு வழியாவும் அடித்தொனி காதுக்கு வரும், ரெக்கார்டிங்ல அது கிடையாது. ஊருக்குக் கேட்குறது இந்தக் குரல்தான், பழகிக்கோங்க.

முதல் தடவை கேட்கும்போது, வினை வர்றதுக்கு முன்னாடி நுழைஞ்ச இடத்துக்கு மட்டும் கோடு போடுங்க. "ம்ம்", "ஆமாமா", "அட!" கணக்குல வராது, அது கேட்டுட்டிருக்கேன்னு காட்டுறது.

ரெண்டாவது தடவை, பேச்சைத் தன் பக்கம் இழுத்த இடங்கள்.

"அண்ணா, ஃபேக்டரியில பெங்களூரா மாங்காவுக்கு விலையே போடல."

"அதை ஏன் கேக்குற தம்பி, என் செந்தூரா பூவுலயே கொட்டிடுச்சு..."

தம்பி காலி! "அப்ப லோடை என்ன பண்ணின?"னு ஒரு கேள்வி போதும், மீதியை அவரே பேசுவார்.

திருத்துறேன்னு ரெண்டையும் ஒரே நாள்ல பிடிக்காதீங்க, பேச்சே மரக்கட்டை ஆயிடும். முதல்ல வினைக்குக் காத்திருக்கிறது மட்டும். அதுக்காக ரொம்பவும் வாயை மூடிடாதீங்க. ஒரு செகண்டைத் தாண்டினா, "இவருக்கு இஷ்டமில்ல போல"ன்னு எதிர்ல இருக்குறவங்க முடிவு பண்ணிடுவாங்க. வினை காதுல விழுந்ததும் பேசலாம், அவ்வளவுதான்.

எத்தனை கோடு விழுந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. மாமியாரோட கணக்கு வேணாம், உங்களுது!